சிசிலி பார்த்த பள்ளங்கள்

லியனார்ட்டுக்கு நாற்பத்து மூன்று வயது. ஆள் ஒடிசல், வாய் மட்டும் நல்ல அகலம். நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் பதினொரு வருஷமாக ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவன். கெடி என்று சொல்வார்கள். எந்த ஆட்டக்காரர் எத்தனை கெஜ தூரம் அடிப்பார், எவர் தோற்றால் யார்மேல் எரிந்து விழுவார், மூன்று மணிக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்பும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவனுடைய சொந்த ஆட்டத்தில் இருந்த ஒரே ஒரு குறை மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தது யார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

கெடி வேலைக்கு வருமுன் அவன் இறம்பொடைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்தில் கவ்வாத்துக்காரன். இப்போதும் குடியிருப்பு அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில்தான். தேயிலைச் செடி சில வருஷத்தில் கொழுந்து எடுக்க முடியாத உயரத்துக்கு ஓங்கிவிடும். அதை முழங்கால் மட்டத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. கேட்க லேசான காரியம். செய்து பார்த்தால் தெரியும். கத்தியைக் கீழேயிருந்து மேலே இழுத்து, சாய்வாக, ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். மேலேயிருந்து கொத்தினால் கிளை பிளந்துவிடும். பிளவில் மழைத் தண்ணீர் இறங்கினால் செடி அழுகிப் போகும். தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வந்து ஒவ்வொரு வெட்டையும் விரலால் தடவிப் பார்ப்பார். லியனார்ட்டின் வெட்டில் பிளவே இருக்காது. பன்னிரண்டு வருஷம் அந்தக் கத்தியோடு வாழ்ந்தவன் அவன்.

அவன் மனைவி சிசிலிக்கும் அதே மைதானத்தில்தான் வேலை. மட்டை பட்டு புல் பெயர்ந்து போன இடங்களில் மணலும் புல் விதையும் கலந்து நிரப்புவது. இரும்பு மட்டையால் ஓங்கி அடிக்கும்போது உள்ளங்கை அகலத்துக்குப் புல் பத்தை பெயர்ந்து பறக்கும், ஒரு சின்னப் பள்ளம் விழும். ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது பள்ளம். ஒரு வாளி, ஒரு கரண்டி, தலையில் ஒரு துண்டு. ஒன்பது வருஷமாக இதுதான்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆட்டக்காரர் அடிக்க நின்றுவிட்டால் பக்கத்தில் இருக்கிற வேலையாள் அசையக் கூடாது, பேசக் கூடாது, இருந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். சிசிலி ஒன்பது வருஷமாக அப்படி நின்று நின்று பார்த்தவள். அடி விழுந்ததும் எல்லார் கண்ணும் பந்தோடு பறக்கும். அவள் கண் மட்டும் புல்லிலேயே நிற்கும். பந்து எங்கே போனால் அவளுக்கென்ன? அவளுடைய அடுத்த வேலை அந்தப் பள்ளம்தானே.

இனி விஷயத்துக்கு வருவோம். போன வருஷம் லியனார்ட்டின் வலது தோள்பட்டை போய்விட்டது. டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மட்டை வீசலாம், பை தூக்குகிற கதை மட்டும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொழும்பில் மச்சான் றிச்சர்ட் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். அவன், "வாங்க மச்சான், கடையிலயே தங்கிக்கலாம், வருஷத்துக்கு ரெண்டு தரம் வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வருஷத்துக்கு ரெண்டு தரம்! மகள் மெரினா எட்டாம் வகுப்பு. அவள் வளர்வதை தீபாவளிக்கும் நத்தார்ப் பண்டிகைக்கும் மட்டும் வந்து பார்ப்பதா?

அந்த நேரத்தில்தான் மைதானத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். பயிற்சித் திடலில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு துணைப் பயிற்றுநர் தேவை. கெடிகளும் கேட்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. கொழும்பிலிருந்து வருகிற பயிற்றுநர் முன்னால் பதினெட்டுக் குழியையும் ஆடி முடிக்க வேண்டும், மொத்த அடி எழுபத்தெட்டைத் தாண்டக் கூடாது. கிடைத்தால் இங்கேயே வேலை. இல்லாவிட்டால் துணிக்கடை.

லியனார்ட் நல்ல ஆட்டக்காரன்தான். திங்கட்கிழமை காலையில் கெடிகளும் ஆடலாம் என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாரோ ஒரு பழைய அங்கத்தவர் கொடுத்துவிட்டுப் போன மட்டைகளை வைத்து அவன் ஆடுவான். முதல் அடி தூரமாகப் போகும். குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டுவதில் கெட்டிக்காரன். நடுவில் வருகிற இரும்பு மட்டைதான் அவனைக் கவிழ்த்துவிடும். வெயில் நாளில் எப்படியோ தப்பித்துவிடுவான். மழை பெய்து புல் ஊறிக் கிடந்தால் மட்டை பந்துக்கு முன்பே மண்ணில் புதைந்து நிற்கும், பந்து நாலு தப்படி உருண்டு படுத்துக்கொள்ளும். நுவரெலியாவில் வெயில் நாள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். எண்பத்து மூன்று, எண்பத்தைந்து என்றே முடிந்துகொண்டிருந்தது. சோதனைக்கு இரண்டு மாதம் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை லியனார்ட் ஏழாம் நம்பர் மட்டையால் பத்துப் பந்து அடித்து, பத்தும் பாழாகி, மட்டையைத் தூக்கிப் போட்டான். வாளியோடு பக்கத்தில் நின்ற சிசிலி மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லித் தொலை."

"நீங்க பந்த அடிக்கலங்க. கவ்வாத்து வெட்டுறீங்க."

லியனார்ட்டுக்கு ஏறிவிட்டது. "ஏன் புள்ள, மட்டையத் தொட்டுப் பாத்திருக்கியா நீ? பதினோரு வருஷமா இதுலயே கெடக்குறேன். மணல் அள்ளிப் போடுறவ எனக்குச் சொல்ல வந்துட்டா!"

சிசிலிக்கும் கோபம் வரும். வந்தால் கத்த மாட்டாள், காரியத்தில் காட்டுவாள். வாளியிலிருந்து மணலை அள்ளி, புல்லின்மேல் ஒரு கோடு போட்டாள். நாலடி நீளம், நேர்க்கோடு.

"இந்தக் கோட்டு மேலதான் பந்து இருக்குன்னு வச்சிக்கிங்க. பந்தில்லாம சும்மா வீசுங்க. எந்தப் பக்கம் பள்ளம் விழுதுன்னு நீங்களே பாருங்க. நான் வாயத் தொறக்கல."

அவன் வீசினான். பள்ளம் கோட்டுக்கு அரைச் சாண் பின்னால், அவன் வலது காலோரம் விழுந்தது. மறுபடி வீசினான். அதே இடம். ஐந்து தரம் வீசினான். ஐந்தும் கோட்டுக்குப் பின்னால். ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை. லியனார்ட்டின் காது சிவந்துபோனது.

"இப்ப வாங்க," என்று அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். சனி, ஞாயிறு ஆட்டத்தில் விழுந்த பள்ளங்கள் இன்னும் நிரப்பாமல் கிடந்தன. ஒவ்வொன்றாகக் குனிந்து காட்டினாள்.

"இந்தா, இவரு நல்லா அடிக்கிறவரு. பந்து இருந்த எடத்துல புல்லு நசுங்கி அப்பிடியே இருக்கு. அதத் தாண்டித்தான் பள்ளமே ஆரம்பிக்குது. மொதல்ல பந்து, அப்பறமா மண்ணு. இந்தா, இது உங்கள மாதிரி ஒருத்தரு. மொதல்ல மண்ணு. இது பொம்பள ஆளு, சின்னப் பள்ளம், ஆனா எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. இது..." என்று ஒரு பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தாள். "இவரு கோவத்துல இருந்திருக்காரு. முந்தின அடிய எங்கயோ தொலைச்சிட்டு வந்து இங்க காட்டியிருக்காரு."

லியனார்ட் திகைத்து நின்றுவிட்டான். அந்தப் பள்ளம் அவனுக்குத் தெரியும். தோள்பட்டை போனபின்னும் ஞாயிற்றுக்கிழமை அவன் ஒருவருக்குச் சின்னப் பை ஒன்றைத் தூக்கிப்போனான். அந்த மனிதர் முதல் பந்தைக் காட்டுக்குள் விட்டுவிட்டு, இரண்டாவது பந்தை அந்த இடத்திலிருந்துதான் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். சிசிலி அன்றைக்கு மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தாள். மைதானத்துப் பக்கமே வரவில்லை.

"மாதாவே! இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? மண்ணுல அப்பிடியே கெடக்குதுல்ல."

பதினோரு வருஷம்! பந்து போன பக்கமே பார்த்துக்கொண்டு பதினோரு வருஷம் நடந்திருக்கிறான். பந்து மேலே எழும்ப வேண்டுமானால் மட்டையைக் கீழேயிருந்து தூக்க வேண்டும் என்று அவன் கையும் தோளும் நம்பிக்கொண்டிருந்தன. கவ்வாத்துக் கத்தி பழக்கிய கை. உண்மையோ நேர்மாறாக இருந்தது. பந்து எழும்ப வேண்டுமானால் மட்டை கீழே இறங்க வேண்டும், பந்தைத் தொட்டுவிட்டு இன்னும் கீழே போக வேண்டும். மட்டையின் சாய்வு மீதியைப் பார்த்துக்கொள்ளும். இத்தனை நாளும் காலடியில் கிடந்த விஷயம்! அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெண்டாட்டியைப் புதிதாகப் பார்க்கிற மாதிரியும் இருந்தது.

தெரிந்துகொள்வது ஒன்று, கை கேட்பது இன்னொன்று. கை கேட்கவில்லை. கோட்டைப் பார்த்து நிதானமாக வீசினால் சரியாக வரும். பந்தை வைத்ததும் கை பழையபடி கத்தியாகிவிடும், உடம்பு வலது காலில் சாய்ந்துகொள்ளும். ஒரு வாரம் பார்த்துவிட்டு சிசிலிதான் வழி சொன்னாள்.

"சமதரையில நின்னா நீங்க பின்னால சாயத்தான் செய்வீங்க. நம்ம தோட்டத்துல சமதரை எங்க இருக்கு? சரிவுல நில்லுங்க. எடது காலு பள்ளத்துல, வலது காலு மேட்டுல. பின்னால சாஞ்சு வீசினா மட்டை மேட்டுல இடிக்கும். மலையே உங்களுக்குச் சொல்லித் தரும்."

தோட்டத்துப் பிள்ளைகள் பந்து விளையாடுகிற மைதானத்தின் ஓரத்தில் ஒரு புல் சரிவு உண்டு. வேலை விட்டு வந்து, பனி இறங்குமுன் தினமும் ஒரு மணி நேரம். பந்து தேயிலைக்குள் போய்த் தொலையாமல் இருக்க, சவுக்கு மரத்தில் ஒரு பழைய கொழுந்துச் சாக்கைத் தொங்கவிட்டு அதைப் பார்த்து அடித்தான். முதல் மூன்று நாள் மட்டை மேட்டில் இடித்து மணிக்கட்டு வீங்கியது. சிசிலி ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்து, "பின்னால... பின்னால... இது பரவாயில்ல... பின்னால" என்று சொல்லிக்கொண்டே மண் போட்டு மூடினாள்.

பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் ரோட்டில் போகும்போது நின்று பார்த்தார். "என்னா லியனார்ட், கெழங்கு போடவா தோண்டுறீங்க? பாத்தி கோணலா வருதே?"

"வாங்கண்ணே, வந்து உரம் போடுங்க," என்றான் லியனார்ட் மூச்சு வாங்கியபடி.

ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. அடித்தான். சத்தம் மாறியது. இதுவரை கேட்டது சேற்றை மிதிக்கிற சத்தம். இது குறுகி, இறுகி, சுத்தமாக வந்தது. உள்ளங்கையில் ஒரு அதிர்வும் இல்லை. சாக்கு முழங்கைபோல் மடங்கிப் பின்னால் போனது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிசிலியைத் திரும்பிப் பார்த்தான். அவள் சாக்கைப் பார்க்கவில்லை. மண்டியிட்டுப் பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தாண்டிருச்சுங்க," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

சோதனை நாளன்று காலையிலிருந்து தூறல். கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் பிரதாப் உயரமானவர், வெள்ளைத் தொப்பி, அதிகம் பேசாதவர். இருபத்தைந்து வருஷம் ஆட்டமும் பயிற்சியுமாக இருந்த மனிதர். கணக்குத் தாளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். ஊறிய புல்லில் லியனார்ட்டின் இரும்பு மட்டை அன்றைக்குப் பேசியது. இரண்டு இடத்தில் உருட்டுவதில் சறுக்கினான், ஒரு பந்தை மரத்தடியில் விட்டான். பதினேழு குழி முடிந்தபோது எழுபத்து நான்கு அடி. மிச்சம் இருந்தது நான்கே நான்கு.

கடைசிக் குழியில் முதல் அடி நடுவில் நன்றாகவே விழுந்தது. லியனார்ட் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தான். பந்து ஒரு பழைய பள்ளத்துக்குள், ஈர மணலில் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தது. பந்து விழுந்த இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும், கையால் நகர்த்தினால் குற்றம். முன்னால் நூற்று நாற்பது கெஜத்தில் குழி, நடுவே ஓடை. மட்டை ஒரு விரல் முன்கூட்டி மணலில் பட்டால் பந்து ஓடைக்குள்தான்.

ஓரத்தில் சிசிலி வாளியோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பள்ளத்தைக் காலையில் நிரப்பியவளே அவள்தான். வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். பேசக் கூடாது, அசையக் கூடாது. கட்டுப்பாடு. துணிக்கடை, மெரினா, வருஷத்துக்கு ரெண்டு தரம், எல்லாம் ஒரு நொடியில் அவன் தலைக்குள் ஓடியது. ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தான். இடது காலில் உடம்பை இறக்கினான். மணலைப் பார்க்கவில்லை, பந்தை மட்டும் பார்த்தான். வீசினான்.

மட்டை பந்தைத் தொட்டது. அப்புறம்தான் மண்ணைத் தொட்டது. அந்தச் சத்தம் ஓடைக் கரையில் பட்டுத் திரும்பி வந்தது. பந்து தாழ்வாகப் புறப்பட்டு, ஏறி, ஏறி, சைப்பிரஸ் மர உச்சியைத் தாண்டி மேகத்துக்குள் மறைந்தது. நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு எங்கிருந்தோ விழுகிற மாதிரி விழுந்து, குழியிலிருந்து ஐந்து தப்படியில் ஒரு துள்ளு துள்ளி நின்றது. இதை நானா அடித்தேன் என்று லியனார்ட் தன் கையையே பார்த்தான். இரண்டு உருட்டில் பந்து குழிக்குள் போனது. எழுபத்தெட்டு.

பிரதாப் கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த மணல் பள்ளம் வரை திரும்பி நடந்து வந்தார். லியனார்ட்டும் கூடவே வந்தான்.

"இந்த எடத்துலருந்து நானே யோசிச்சுத்தான் அடிப்பேன். யார்ட்ட படிச்சீங்க?"

"அந்தா நிக்கிறாங்க சேர்."

பிரதாப் எட்டிப் பார்த்தார். "எங்க? அந்த அம்மாவுக்குப் பின்னாலயா?"

"பின்னால யாருமில்ல சேர். அந்த அம்மாதான். என் சம்சாரம்."

மனிதர் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை, நம்ப முடியாமல் சிரித்தார். லியனார்ட் விடவில்லை. கோடு போட்டது, பள்ளம் பார்த்தது, சரிவில் நிறுத்தியது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினான். பிரதாப் கேட்டுவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு மட்டையை உருவினார்.

"சரி தங்கச்சி. நான் ஒண்ணு அடிக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிங்க. பந்தப் பாக்கக் கூடாது."

சிசிலி துண்டைச் சரிசெய்துகொண்டு மரங்களின் பக்கம் திரும்பி நின்றாள். பிரதாப் அடித்தார். அழகான அடி. பந்து எங்கே போய் விழுந்தது என்று எல்லாரும் பார்த்தார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. சிசிலி திரும்பி வந்து மண்டியிட்டு, பள்ளத்தின் இரண்டு ஓரத்தையும் விரலால் தடவினாள். கொஞ்சம் தயங்கினாள்.

"சொல்லலாமா சேர்?"

"தாராளமா."

"ரொம்ப சுத்தமான அடி. பந்தத் தாண்டித்தான் ஆரம்பிக்குது. ஆனா உங்க காலுப் பக்கத்து ஓரம் ஆழமா இருக்கு, அந்தப் பக்கம் லேசா இருக்கு. மட்டை தட்டையா படல. பந்து எடது பக்கமா போயிருக்கணும். இன்னைக்கு மட்டும் இல்ல சேர், எப்பவும் அப்பிடித்தான் போகும். அது உங்க பெழ இல்ல. மட்டை உங்களுக்கு நிமிந்து நிக்கிது, அதோட பெழ."

பந்து குழிக்கு இடது பக்கம் பத்துத் தப்படி தள்ளிக் கிடந்தது. பிரதாப் மட்டையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. தொப்பியைக் கழற்றினார். "ரெண்டு வருஷமா இந்த இடது பக்கத்தோட மல்லுக்கட்டுறேன் தங்கச்சி," என்றார். "நான் இத யார்ட்டயும் சொன்னதில்ல."

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறும்போது ஆண்டியப்பன் வாசலில் காத்திருந்தார். பக்கத்தில் மெரினா, பள்ளிக்கூட உடுப்பைக்கூட மாற்றாமல்.

"என்னாச்சு லியனார்ட்? எழுபத்தெட்டா, எண்பதா?"

"அத விடுங்கண்ணே! இவ இன்னைக்கு என்ன செஞ்சா தெரியுமா? கொழும்புல இருந்து வந்த அவ்வளவு பெரிய ஆளு, இருபத்தஞ்சு வருஷம் ஆடினவரு, இவ முன்னால தொப்பியக் கழட்டிட்டாருண்ணே! பந்தப் பாக்கவே இல்ல இவ. மண்ணத் தடவிப் பாத்துட்டு..."

சொல்லிக்கொண்டே போனான். கை ஆட்டினான், மண்டியிட்டுக் காட்டினான், எழுந்தான், முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். சிசிலி, "சும்மா இருங்க, ஆளுக பாக்குறாங்க" என்று முந்தானையால் முகத்தை மறைத்தாள். அக்கம் பக்கத்தார் கூடிவிட்டார்கள். மெரினா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா... அப்பா... கொழும்புக்குப் போறீங்களா இல்லையா? அதச் சொல்லுங்கப்பா!"

லியனார்ட் கதையை நிறுத்தி, அப்போதுதான் ஞாபகம் வந்தவன் போல் அவளைப் பார்த்தான்.

"யாரு போறா? உங்கம்மா இங்க இருக்கையில நான் எங்க போவேன்?"